நாற்பத்தாறு பேர் இருந்த வீடு

எங்கள் தெருமுனையில் ஒரு பலகை நிற்கிறது. "இத்தெரு நிரம்பிவிட்டது. புதிதாகக் குடிவர அனுமதி இல்லை" என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கிறவர்கள் தெருவுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் இன்னொரு தடவை பலகையைப் படிப்பார்கள். இருபத்தெட்டு வீட்டில் பதினொன்று பூட்டு, பூட்டின் மேல் துரு. மிச்ச வீடுகளில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள். இந்தத் தெருதான் நிரம்பிவிட்டதாம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன், ஏனென்றால் அந்தப் பலகையில் என் கையும் கொஞ்சம் இருக்கிறது.

எனக்கு ஜெராக்ஸ் கடை. ஒரு தெருவுக்கு வயசாகிறது என்பது ஜெராக்ஸ் கடைக்காரனுக்குத்தான் முதலில் தெரியும். முதலில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற விண்ணப்பப் பாரங்கள் நின்றன. அடுத்து வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் வருவது நின்றது. பையன்களும் பெண்களும் கல்யாணம் ஆன கையோடு புறநகருக்குக் கிளம்பிப் போனார்கள். அங்கே புதுக் கட்டடம், லிஃப்ட், வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு. கடைசியில் என் மெஷினுக்கு மிஞ்சியது மருந்துச் சீட்டும் வீட்டுப் பத்திரமும்தான்.

அரசாங்கமும் இதைக் கவனித்தது. கவனித்து, 'குடியமர்வுச் சமநிலைத் துறை' என்று ஒன்றை ஆரம்பித்தது. எந்தத் தெருவிலும் ஆள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நல்ல எண்ணம்தான். ஆனால் சமப்படுத்துவதற்கு முன்னால் எண்ண வேண்டுமே! பகலில் புறநகருக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். எல்லோரும் நகரத்துக்கு வேலைக்கு வந்திருந்தார்கள். நகரத்தில் தட்டினார்கள். உள்ளே இருந்த பெரியவர்களுக்குக் காது கேட்கவில்லை. முதல் கணக்கு முடிந்தபோது, ஜனத்தொகையில் பாதிப்பேர் பஸ்ஸில் மட்டும்தான் வசிக்கிறார்கள் என்று அறிக்கை வந்தது.

உடனே ஒரு குழு போட்டார்கள். குழு மூன்று வருடம் உட்கார்ந்து யோசித்தது. முடிவை அறிவிக்கத் துறையின் பெரிய அதிகாரி எங்கள் தெரு மண்டபத்துக்கே வந்தார்.

"மனிதன் நடமாடுவான். கேட்டால் பொய் சொல்வான். பூட்டிக்கொண்டு போய்விடுவான்," என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஆனால் அவனுடைய தலையணை? வைத்த இடத்தில் இருக்கும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரு தலைக்கு ஒரு தலையணை! இனி இந்தத் துறை ஆட்களை எண்ணாது. தலையணைகளை எண்ணும். மனிதர்களைப் பார்க்காமலேயே மனிதர்களுக்குச் சேவை செய்யும் முதல் துறை நாங்கள்தான்."

கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். என்னைவிடப் பலமாகத் தட்டினவர் எதிர்வீட்டு அண்ணன். அவர் தொழிலே தலையணை செய்து விற்பது. இனிமேல் வியாபாரம் சூடுபிடிக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

அண்ணனைத் தெருவில் தலையணைக்காரர் என்றுதான் சொல்வார்கள். வீடும் பட்டறையும் ஒன்றே. அவர் பஞ்சு அடைப்பார், அண்ணி மெஷினில் உறை தைப்பார். கல்யாணமாகி இருபத்தாறு வருடம், குழந்தை இல்லை. "அதனால என்ன, ஒருத்தர் இருக்காரே, அவரை வளர்க்கறதுக்கே எனக்கு நேரம் பத்தல," என்று அண்ணி சிரிப்பார். அந்தச் சிரிப்பு என் கடை வரைக்கும் கேட்கும். இரண்டு வருடமாகச் சிரிப்புக்குப் பின்னாலேயே இருமலும் கேட்க ஆரம்பித்தது. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, மூன்று வாரமாவது தூசி இல்லாத இடத்தில் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். அண்ணியின் தங்கை வீடு புறநகரில் இருந்தது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

கிளம்புகிற அன்று அண்ணி ஒரு கையில் பையும் இன்னொரு கையில் தன் தலையணையுமாக வந்து என் கடை முன்னால் நின்றார்.

"தலையணை செய்யறவர் பொண்டாட்டி தலையணையைத் தூக்கிட்டுப் போறா பாரு," என்றேன்.

"கல்யாணமான புதுசுல எனக்குன்னு செஞ்சு குடுத்ததுப்பா இது. வேற எதுல படுத்தாலும் கழுத்து பிடிச்சுக்குது," என்றார். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பி, "மூணு வாரம்தான். அதுக்குள்ள வீட்டை என்ன கதி பண்ணி வைக்கப் போறீங்களோ," என்றார்.

ஒன்பதாம் நாள் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தது. மரியாதையான பெண். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனது. அண்ணன் வீட்டில் அன்றைக்குப் புறநகர் விடுதி ஒன்றுக்குச் செய்த நாற்பத்தைந்து தலையணைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கட்டில் மேல் அவருடையது ஒன்று. அந்தப் பெண் பொறுமையாக, ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணியது.

"நாற்பத்தாறு பேர்," என்று எழுதியது.

"அம்மா, அதெல்லாம் விக்கறதுக்கு வச்சிருக்கேன்!"

"புரியுதுங்கய்யா. ஆனா பாரத்துல விக்கற தலையணை, படுக்கற தலையணைன்னு தனித்தனிக் கட்டம் இல்லையே."

"எங்க வீட்டுல ரெண்டே பேருதான்மா. நானும் என் பொண்டாட்டியும்."

"அவங்க தலையணை எங்கங்கய்யா?"

"தங்கச்சி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கா."

"அப்ப அவங்களை அங்க எண்ணியிருப்பாங்க. நீங்க கவலையே படாதீங்க, விட்டுப்போகாது."

அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். போடாவிட்டால் 'ஒத்துழைக்காத வீடு' என்று சீல் வைப்பார்கள் என்று அந்தப் பெண் வருத்தமாகச் சொன்னது. சத்தம் கேட்டு நான் போனேன். இருபது வருடம் பாரங்களோடு குப்பை கொட்டியவன் ஆயிற்றே, பெரிய அறிவாளி என்கிற நினைப்பு.

"போடுங்கண்ணே. இப்ப எதுக்கு வம்பு? நாளைக்கு ஒரு திருத்த மனு போட்டா சரியாப் போயிடும்," என்றேன்.

என்னை நம்பிப் போட்டார். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

எங்கள் தெருவுக்குத் துறை வைத்திருந்த அளவு எழுபது பேர். மற்ற வீடுகளில் நாற்பத்து மூன்று, அண்ணன் வீட்டில் நாற்பத்தாறு. ஆக எண்பத்தொன்பது. மறுவாரமே பலகை வந்தது. பலகைக்குப் பக்கத்தில் குறுக்குக் கட்டையும், கட்டைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் வந்தன. மேஜையில் அதே பெண். அதற்கு வீடு புறநகரில். "தினம் மூணு மணி நேரம் பஸ்ஸுலயே போயிடுது சார். ஊர்ல எல்லார் தலையணையையும் எண்ணுறேன், என் தலையணையைப் பார்க்கத்தான் நேரம் இல்ல," என்று ஒரு தடவை என்னிடம் சொன்னது.

மூன்று வாரம் முடிந்து அண்ணி பையும் தலையணையுமாகத் திரும்பி வந்தார். குறுக்குக் கட்டை எழும்பவில்லை.

"நீங்க புறநகர்வாசிங்கம்மா. இந்தத் தெரு நிரம்பியிருக்கு," என்றது பெண்.

"என் வீட்டுக்குப் போறதுக்கு எனக்கு இடம் இல்லையா?"

"உங்க வீட்டுலதாம்மா ரொம்ப நெரிசல்."

அண்ணி சிரித்துவிட்டார். தெருவே கேலி செய்கிறது என்று நினைத்திருப்பார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே அண்ணனும் நானும் பெரிய அதிகாரியைப் பார்க்கப் போனோம். டோக்கன் வாங்கி, ஜன்னல் மாறி, மாடி ஏறி, மூன்றாம் நாள் அவர் முன்னால் போய் நின்றோம். மேஜையில் கண்ணாடிக்குக் கீழே ஒரு தலையணைப் படம். கோப்பைப் பிரித்துப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"நாற்பத்தாறு பேரைத் தாங்குகிற குடும்பத் தலைவர் நீங்கள்தானா? உட்காருங்கள், உட்காருங்கள்."

"சார், அதுல நாற்பத்தஞ்சு பஞ்சு மூட்டை சார். ஆளு நான் ஒருத்தன்தான்."

"அப்படிச் சொல்லக்கூடாது. உங்கள் கண்ணுக்குப் பஞ்சு மூட்டை. எங்கள் கண்ணுக்குப் பிரஜை. நாங்கள் யாரையும் குறைத்து மதிப்பதில்லை."

"என் பொண்டாட்டியை வீட்டுக்குள்ள விடச் சொல்லுங்க சார். அது போதும்."

"தாராளமாக வரட்டும். இருபது பேர் வெளியேறினால் ஒருவர் உள்ளே வரலாம். இது கணக்கு. கணக்குக்கு இரக்கம் கிடையாது, ஆனால் நியாயம் உண்டு."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம், "சரி சார். அப்ப நானே அங்க போயிடறேன். கொழுந்தியா வீட்டு மூலையில ஒரு பாய் போட்டுப் படுத்துக்கறேன்," என்றார்.

அதிகாரிக்கு நிஜமாகவே அதிர்ச்சி. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நாற்பத்தைந்து பேரை நிர்க்கதியாக விட்டுவிட்டுக் குடும்பத் தலைவர் போவதா? அது குற்றம். உங்களுக்குப் பாசம் என்பதே இல்லையா?"

மறுநாளே நாங்கள் போட்டிருந்த திருத்த மனு என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். அதைப் பரிசீலிக்க ஒருவர் நேரில் வந்து தலையணைகளை மறுபடி எண்ணிப் பார்த்ததாகவும், நாற்பத்தாறு சரியாக இருந்ததாகவும் சொன்னார். ஆனால் மனிதாபிமான அடிப்படையில் அண்ணிக்கு ஒரு சலுகை கொடுத்தார். பார்வையாளர் சீட்டு. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. வாரம் மூன்று நாள். கீழே சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை: பார்வையாளர் தெரு எல்லைக்குள் படுக்கக் கூடாது, தலையணையில் தலை வைத்தால் குடியேறியதாகக் கருதப்படும்.

அண்ணி நிஜமாகவே வந்தார். சேலையில் 'பார்வையாளர்' என்ற அட்டையைக் குத்திக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, இருபத்தாறு வருடம் தான் பெருக்கிய வாசலில் நின்று, "வீட்டுல யாருங்க?" என்று குரல் கொடுப்பார். "வந்த விருந்தாளிக்கு ஒரு டம்ளர் தண்ணி கூடக் குடுக்க மாட்டாங்களா இந்த வீட்டுல?" என்பார். அண்ணன் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்.

அதற்குள் அண்ணன் என் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் பட்டறையை மாற்றியிருந்தார். வீட்டுச் சுவரைத் தானே சுரண்டி வெள்ளை அடித்தார். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாக ஈரத் துணியால் துடைத்தார். ஆர்டர் தலையணைகளை மட்டும் வெளியே எடுத்தால் தப்பாகிவிடுமோ என்று பயந்து, பாலிதீன் உறையில் கட்டி வீட்டிலேயே வைத்திருந்தார். அண்ணி அந்த அடுக்கைப் பார்த்து, "என்ன, எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பார்.

ஒரு மத்தியானம் ஏதோ தாளில் கையெழுத்து வாங்க உள்ளே போனேன். பஸ் அலைச்சலில் அண்ணிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கட்டில் இரண்டடி தூரத்தில் இருக்கிறது, ஆனால் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கண் சொக்குகிறது. அண்ணன் இன்னொரு நாற்காலியை ஒட்டிப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவர் தோளில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"தோளு தலையணைக் கணக்குல வராதில்லப்பா?" என்று கேட்டார்.

"வராது அண்ணி," என்றேன். தாளை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவரே எழுந்து அட்டையைச் சரி செய்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

இதற்கு மேல் அண்ணனுக்குத் தாங்கவில்லை. விடுதிக்காரருக்கு ஆள் அனுப்பி நாற்பத்தைந்தையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஆர்டர் செய்த பொருள்தானே, கொடுத்தால் என்ன? வீடு காலி. இப்போது வந்து எண்ணட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

மறுநாள் அண்ணன் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'காணாமல் போனவர்கள்: 45 பேர்.'

மறுபடி மாடி ஏறினோம். இந்தத் தடவை அதிகாரியின் முகத்தில் துக்கம்.

"முன்னறிவிப்பு இல்லை, இடப்பெயர்ச்சிப் பாரம் இல்லை. ஒரே நாளில் நாற்பத்தைந்து பேர்! உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. தைரியமாக இருங்கள்."

"சார், வீடு இப்ப காலி சார். இப்பவாவது அவளை விடலாமில்ல?"

"எப்படி விட முடியும்? காணாமல் போனவர்கள் நாளைக்கே திரும்பி வந்தால் அவர்களுக்கு இடம் வேண்டாமா? அவர்களுடைய இடத்தை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க நாங்கள் என்ன கல்நெஞ்சக்காரர்களா?"

அண்ணன் அந்த மேஜை முன்னாலேயே அழுதுவிட்டார். அதிகாரி தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் பிரிந்த துக்கம் என்று கோப்பில் எழுதிக்கொண்டார்.

வழி ஒன்றுதான் இருந்தது. போனவர்கள் காணாமல் போகவில்லை, முறைப்படி புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள் என்று நாற்பத்தைந்து பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பேர், வயசு, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, ஏன் போனார். வெளியாள் என்றால் ஆளுக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் இணைக்க வேண்டும். மகன், மகள் என்றால் எந்தச் சான்றும் வேண்டாம். பெற்றவர்கள் சொன்னால் போதும்.

அண்ணி வருகிற நாளாகப் பார்த்து மூன்று பேரும் வீட்டு நடுவில் உட்கார்ந்தோம். நான் எழுத, அண்ணி சொன்னார். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது.

"மூத்தவன். இருபத்தஞ்சு வயசு. சோம்பேறி, அப்பனை மாதிரி."

"நான் சோம்பேறியா?" என்றார் அண்ணன்.

"எழுதுப்பா நீ. ஏன் போனான்னு கேட்டிருக்கா? அப்பாகூடச் சண்டை போட்டுட்டுப் போயிட்டான்."

"நான் எதுக்குடி அவன்கூடச் சண்டை போடப் போறேன்?"

"நீங்க அவனைக் கண்டுக்கவே இல்ல. எப்பப் பார்த்தாலும் பஞ்சு பஞ்சுன்னு..."

ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தார். ஒருத்தன் படிக்கப் போனான். ஒருத்திக்கு அங்கே வேலை கிடைத்தது. ஒருத்தன் யாரையோ விரும்பி, வீட்டில் சொல்லப் பயந்துகொண்டு போய்விட்டான். "கேட்டா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? மடையன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமான இருபத்தாறு வருடத்துக்குள் நாற்பத்தைந்து பேரை அடைக்க வேண்டியிருந்ததால் சில வருடம் மூன்று பேர்கூடப் பிறந்தார்கள். துறையில் யாரும் அதைக் கேட்கவில்லை. இருபதாவது பாரத்துக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பத்தைந்தாவது பாரத்தை அண்ணி கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்.

"இவ கடைக்குட்டி. ஏழு வயசு," என்றார். "இவ எங்கயும் போக வேணாம்ப்பா. இங்கயே இருக்கட்டும்."

"எழுதித்தான் ஆகணும் அண்ணி. ஒண்ணு குறைஞ்சாலும் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்க."

மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தார். "அப்ப, சித்தி வீட்டுக்குப் போயிருக்கான்னு எழுது. அங்க நான் இருக்கேன்ல, பார்த்துக்கறேன்."

அப்படியே எழுதினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய்ப் பாரம் நிரப்பியிருக்கிறேன். இது ஒன்றுதான் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

பாரங்கள் போய்ச் சேர்ந்ததும் துறையில் ஒரே கொண்டாட்டம். நகரத்திலிருந்து புறநகருக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நாற்பத்தைந்து பேர் முறைப்படி குடிபெயர்ந்தது அதுவரை நடக்காத சாதனையாம். விழா வைத்தார்கள். அதே மண்டபம், அதே மைக். அண்ணனை மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அண்ணியின் அனுமதி உத்தரவை விழாவில்தான் கையில் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணியும் வர வேண்டியது. காலையிலிருந்து மூச்சு ரொம்ப முடியவில்லை, இன்றைக்குப் பஸ் வேண்டாம் என்று தங்கை தடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

அதிகாரி பேசினார். "பிள்ளைகள் கிளம்பிப் போகிற வீடுதான் வளர்கிற வீடு! இந்த மனிதரைப் பாருங்கள். நாற்பத்தைந்து பேரையும் அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தனிமையை இவருக்கு ஏற்படுத்திக் கொடுத்ததில் எங்கள் துறை பெருமை கொள்கிறது. இதற்குப் பரிசாக, இவர் மனைவி வருகிற ஒன்றாம் தேதி முதல் இத்தெருவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி அளிக்கிறோம்!"

கைதட்டல். அண்ணன் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கினதும் கூட்டத்தில் என்னைத் தேடி, அதைத் தூக்கிக் காட்டினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ஒரு வருடம் இருக்கும்.

என் கையில் போன் இருந்தது. அண்ணியின் தங்கை பேசிக்கொண்டிருந்தாள். பேசவில்லை, அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது.

மேடை ஏறி எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அண்ணன் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டது நினைவிருக்கிறது. "ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நாலு நாள்தானே இருக்கு?"

மறுநாள் காலை வண்டி தெருமுனைக்கு வந்தது. குறுக்குக் கட்டை இறங்கியிருந்தது. அந்தப் பெண் எழுந்து ஓடி வந்தது. வண்டிக்குள் பார்த்தது. அதிகாரிக்குப் போன் போட்டது. உத்தரவு ஒன்றாம் தேதியிலிருந்துதான், அதற்கு முன்னால் உள்ளே விடலாமா என்று கேட்டது. அவர் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"இறந்தவரா? அவர்கள் எண்ணிக்கையிலேயே வரமாட்டார்களே அம்மா. ஒரு தடையும் இல்லை, தாராளமாக வரட்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். படுக்கலாம்."

கட்டை மேலே எழும்பியது. அண்ணியைக் கொண்டு போய் அவருடைய கட்டிலிலேயே கிடத்தினோம். புதுச் சுண்ணாம்பு வாசனை, துளித் தூசி இல்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "படுத்துக்கோ. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த உத்தரவை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவில் இடம் இருக்கிறது என்று துறையும் ஒப்புக்கொண்டது. பலகையை எடுக்க மட்டும் தனி மனு வேண்டுமாம். மனு நிலுவையில் இருக்கிறது. குடிவர யாரும் வரவில்லை என்பதால் அவசரம் ஒன்றுமில்லை. இதற்கிடையில் இன்னும் இரண்டு வீடு பூட்டியாயிற்று.

எட்டு மாதம் கழித்து, போன வாரம்தான் அடுத்த கணக்கெடுப்பு. அதே பெண், அதே பாரம். அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றது. என்னையும் கூப்பிட்டது, தனியாகப் போக மனசு வரவில்லையோ என்னவோ. உள்ளே கட்டில் மேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலையணை. ஒன்று அண்ணனுடையது. இன்னொன்று அண்ணியுடையது. தங்கை வீட்டிலிருந்து அண்ணன் எடுத்து வந்தது. நடுவில் தலை வைத்து வைத்துக் குழிந்த இடம் அப்படியே இருந்தது.

பெண் ரொம்ப நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடியது.

"ஐயா, அதை உள்ள எங்கயாவது எடுத்து வச்சிடுங்க. நான் பார்க்கலைன்னு இருந்துடறேன்," என்றது மெதுவாக. "ஒண்ணுன்னு எழுதிக்கறேன்."

"எண்ணும்மா," என்றார் அண்ணன்.

"ஐயா..."

"அன்னிக்கு இல்லாத நாற்பத்தஞ்சு பேரை எழுதினே. நான் எவ்வளவு கெஞ்சினேன். இன்னிக்கு இருக்கற ஒருத்தியை எழுத மாட்டியா?"

அந்தப் பெண் இரண்டு என்று எழுதியது. எழுதும்போது கண்ணீர் தாளில் விழுந்து, இரண்டு கொஞ்சம் கலைந்துவிட்டது. அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதியது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அந்த ஒப்புகைச் சீட்டோடு கடைக்கு வந்தார். 'வீட்டில் வசிப்போர்: 2' என்று இருந்த இடத்தில் துறையின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. மெஷினைப் போட்டேன்.

"எத்தனை காப்பிண்ணே?"

"ரெண்டு எடுப்பா," என்றார். "ஆளுக்கு ஒண்ணு."